இரண்டு பாக்கெட் கறுப்பு மருதாணி

என் செல்ல மகளுக்கு அத்தாவின் சலாம்.

நேற்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வந்தது. கறுப்பு மருதாணி பாக்கெட். முன்பக்கம் ஒரு பச்சை இலை, இடுப்பு வரை கூந்தலோடு ஒரு பெண், தங்க எழுத்தில் 'நூறு சதவீதம் இயற்கை'. கீழே நீ எழுதியிருந்தாய்: "அத்தா, இது ஓகேவா? ரெண்டு ஆர்டர் போடப் போறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. கல்யாணத்துக்கு ஒரு தடவ கறுப்பா இருக்கட்டுமேன்னு அம்மாவே சொல்லிட்டாங்க." நான் "போடாதே" என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். ஏன் என்று கேட்டாய். எழுதுகிறேன் என்றேன். நீ சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்பாய், அதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் நழுவிவிடுவேன். நழுவுவதில் உன் அத்தா கெட்டிக்காரன். அதையும் இந்தக் கடிதத்தில்தான் சொல்லப் போகிறேன். முதலில் முடியைப் பேசுவோம், அது எனக்குத் தெரிந்த விஷயம்.

உனக்கு இந்தப் பாக்கெட் ஏன் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உன்னைப் பார்க்க வந்த அன்று நான் வெளி அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே உன் வருங்கால மாமியார் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முடி நல்லா அடர்த்தியா கீது. முன்னாடி மட்டும் கொஞ்சம் வெள்ள கீது. பரவால்ல, கல்யாணத்துக்குள்ள எதனா பண்ணிக்கலாம்" என்றது எனக்குக் கேட்டது. அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஆனால் அந்த 'எதனா' உன் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. இருபத்தேழு வயதில் நெற்றிக்கு மேல் விரல் அகலத்துக்கு நரை. எனக்கும் அந்த வயதில் அதே இடத்தில்தான் வந்தது. என் சொத்தில் உனக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான். வெள்ளை முடியைக் கறுப்பாக்குகிற எண்ணெய் இந்த உலகத்தில் கிடையாது கண்ணு. முப்பது வருஷம் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவன் சொல்கிறேன், அப்படி ஒன்று இருந்திருந்தால் முதல் பாட்டிலை நான் என் தலையில் கவிழ்த்திருப்பேன்.

பாக்கெட்டை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருகிறேன். முன்பக்கம் விற்கிறவனுக்கு, பின்பக்கம் வாங்குகிறவனுக்கு. முன்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் வரையலாம். வேப்பிலை வரையலாம், செம்பருத்தி வரையலாம், ஒரு முனிவரை உட்கார வைக்கலாம். என் கடை வாசலில் மாலை மாலையாகத் தொங்குகிற ஷாம்பு சாஷேக்களில் மூலிகை என்று போடாதது எது என்று தேடிப் பார், கண் வலிக்கும். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதிகமாக இருப்பதை முதலில் எழுதுவது வழக்கம். செம்பருத்தி எண்ணெய் என்று பெயர் போட்டு, செம்பருத்தியைப் பட்டியலின் வாலில் வைத்திருந்தால், அது பெயருக்கு மட்டும் செம்பருத்தி. பின்பக்கமே இல்லாமல், மாமல்லபுரத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிறானே, வேர்களை மிதக்கவிட்ட பாட்டில், அதைக் கையால்கூடத் தொடாதே. வேர் மிதந்தால் மருந்தாகிவிடாது.

இயற்கை என்றாலே நல்லது என்றும் நினைக்காதே. உனக்கு எட்டு வயதிருக்கும்போது நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி இலை, எல்லாம் உன் அம்மா வெயிலில் காய வைத்துக் கொடுத்தாள். மில்லுக்குக் கொண்டுபோனேன். சீயக்காய் அரைக்கிற மெஷினில் கூட்டம், மிளகாய் அரைக்கிற மெஷின் காலி. மில்காரர், "பாய், இப்பத்தான் மொளகா அரச்சேன், கொஞ்சம் நில்லுங்க" என்றார். எனக்குக் கடை திறக்கிற அவசரம். "தட்டிட்டுப் போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன். மறுநாள் உன் தலையில் அந்தப் பொடியைத் தேய்த்ததும் நீ போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பொடியில் இருந்ததெல்லாம் இயற்கைதான், மிளகாய் உட்பட. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் யாராவது சீயக்காய் என்ற பேச்சை எடுத்தாலே நீ கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். அந்தத் தப்பை நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், எல்லோரும் சிரித்தோம். ஒப்புக்கொள்ளாத தப்பு வேறு.

கூடுவாஞ்சேரி ரூமுக்குப் போனதிலிருந்து முடி கொட்டுகிறது என்று மூன்று ஷாம்பு மாற்றிவிட்டாய். ஷாம்புவைத் திட்டாதே, போர்த் தண்ணீரைப் பார். உங்கள் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் உன் தலையிலும் படிகிறது. முடி நாராகிச் சிக்குப் பிடித்து அறுகிறது. கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள் இல்லையா, கடைசியில் தலையை அலச மட்டும் ஒரு சொம்பு அதில் எடுத்துக்கொள். கூட இருக்கும் பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொன்று. காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, அதன்மேல் துப்பட்டாவைச் சுற்றி, மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாய். சாயங்காலம் அவிழ்க்கும்போது மழையில் நனைந்த கோணி மாதிரி வாடை வருகிறது, பொடுகு, அரிப்பு என்கிறாய். பின்னே வராதா? துப்பட்டா கட்டுகிற நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. லீவு நாளில் குளி, விரித்துக் காய விடு, வேர் வரைக்கும் காய்ந்த பிறகு கட்டு. எண்ணெய் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் போதும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ஊற ஊற நல்லது என்று நாள் கணக்கில் வைத்துக்கொண்டு திரியாதே, தெருப்புழுதிதான் சேரும். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்துக்கொண்டு வா. உச்சியிலிருந்து இழுப்பது உன் பொறுமையின்மை, முடியின் குற்றம் இல்லை.

இனி மருதாணிக்கு வருகிறேன். மருதாணி சிவக்கும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நரைமேல் வைத்தால் செம்பு நிறம் வரும், கறுக்காது. கறுப்புக்குக் கிட்டே வேண்டுமென்றால் முதலில் மருதாணி வைத்து அலசிவிட்டு, அதன்மேல் அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் போட வேண்டும். பாதி நாள் ஓடிவிடும், காது மடலெல்லாம் நீலமாகும், அதற்குப் பிறகும் கருங்காப்பி நிறம்தான். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும், இலையும் சிலர் உடம்புக்கு ஆகாது. அப்படியிருக்க, அரை மணி நேரத்தில் ஜெட் கறுப்பு என்று ஒரு பாக்கெட் சொன்னால், அந்தக் கறுப்பு இலையிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். பின்பக்கம் பார். 'பாரா' என்று ஆரம்பித்து அரை வரிக்கு நீளும் ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கும். அது சாயக் கெமிக்கல். நீ அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. நான் தேடிப் பிடித்துப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டேன். இருக்கிறது.

அந்தப் பெயரை எனக்குக் காட்டியவர் திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் ஒரு டீச்சரம்மா. அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. கறுப்பு மருதாணி புதிதாக வந்த சமயம், பெட்டி பெட்டியாக ஓடியது. ஒருநாள் டீச்சரம்மா வந்து, காலிப் பாக்கெட்டை மேஜைமேல் வைத்து, "பாய், தல பூரா கொப்பளம். இதுல இன்னா போட்டிருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. இயற்கைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்றார்கள். நான் படித்துப் பார்த்தேன். புரிந்தும் புரியாத மாதிரி, "உங்க தலைக்கு ஒத்துக்கல போல டீச்சர், எல்லாரும் வாங்கிக்கினுதான் போறாங்க" என்றேன். அவர்கள் போன பிறகு மிச்சப் பெட்டியை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தேன். விற்பதை நிறுத்தவில்லை, முன்னால் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கோவளத்தில் உன் சித்தி கல்யாணம். உன் அம்மா அந்தப் பெட்டியிலிருந்து ஒன்று கேட்டாள். பெருநாளுக்கு ஒரு தடவை வைத்திருந்தாள், லேசாக அரித்தது என்று சொன்னாளே தவிர வேறொன்றுமில்லை. ஒரே தங்கை கல்யாணம், கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். டீச்சரம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் அதைத் தலையில் வைத்தாள். இரவு அவள் பிறந்த வீட்டில் இறால் தொக்கும் சோறும். முகத்துவாரத்து இறால், அவள் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தது. விடிந்ததும் அவள் கண் திறக்கவில்லை. நெற்றியும் இமையும் வீங்கி, காதோரம் நீர் கோத்து வடிந்தது. "இன்னாங்க, கண்ணு தெறக்க முடியல, கண்ணு தெறக்க முடியல" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீ வாசலில் நின்று அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆட்டோவில் போட்டு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அவளைத்தான் கேட்டார்: "தலைக்கு எதனா போட்டீங்களா? சாப்பாட்டுல எதனா ஒத்துக்காதது சாப்பிட்டீங்களா?" அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "எறா சாப்பிட்டா டாக்டர். நேத்து நெறைய சாப்பிட்டுட்டா." பக்கத்தில் அவள் அண்ணன்மார் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அந்த வீட்டில் பாதிப் பெண்கள் என் கடைப் பாக்கெட்டைத்தான் வைத்திருந்தார்கள். என் கடை, என் பெயர், மாப்பிள்ளை என்று எனக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை, எல்லாம் அந்த ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நின்றது. டாக்டர் ஊசி போட்டார், இறாலைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஒரு பாக்கெட் மருதாணியை ஒரு தட்டு இறாலுக்கு அடியில் மறைத்தேன். உன் சித்தியின் கல்யாண ஆல்பத்தில் உன் அம்மா ஒரே ஒரு படத்தில் இருக்கிறாள், நெற்றியும் கண்ணும் மறைய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் அதே டாக்டரிடம் போனேன். என் கஸ்டமர் ஒருத்தருக்கு இந்த மாதிரி ஆயிற்று என்று பாக்கெட்டைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஒரு தடவ உடம்பு மொறச்சிக்கிச்சுன்னா மறக்காது பாய். அடுத்த தடவ இன்னும் மோசமா வரும். மூச்சே அடைக்கலாம். அவங்கள தொடவே வேணாம்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே மிச்சப் பெட்டியைக் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். டீச்சரம்மா அடுத்த முறை அந்தப் பக்கம் வந்தபோது எழுந்து போய், நீங்கள் சொன்னது சரி, என் தப்பு என்று சொன்னேன். தெருவில் நிற்கிறவரிடம் ஒப்புக்கொள்ள முடிந்தது. வீட்டுக்குள் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

அந்தப் பதினாலு வருஷமும் உன் அம்மா இறாலைத் தொடவில்லை. கோவளத்தில் பிறந்தவள் கண்ணு. எல்லோரும் சாப்பிடும்போது அவளுக்கு மட்டும் கத்திரிக்காய்க் குழம்பு. ஒவ்வொரு விருந்திலும் நீ முந்திக்கொண்டு, "எங்கம்மாவுக்கு எறா ஒத்துக்காது, வெக்காதீங்க" என்று சொல்வாய். அவளுக்கு நீ காவல், உன்னைக் காவல் நிறுத்தியவன் நான். ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டில் காய்ந்த இறால் அரைத்துப் போட்ட வடை என்று தெரியாமல் மூன்று சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. மருதாணி விஷயத்தில் மட்டும் உஷாராக இருந்தேன். பின்வீட்டு வேலியோரத்து இலையை நானே ஆய்ந்து கொண்டுவந்து கொடுப்பேன், வேறு எதையும் வாங்க விடமாட்டேன். அவள் அதைப் பாசம் என்று நினைத்து, "உங்கத்தா மாதிரி யாரு கீறாங்க, எல பறிச்சுக்கினு வந்து குடுக்குறாரு" என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

இப்போது உன் படம் வந்தது. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. அந்தப் பாக்கெட் மட்டமானது என்று ஒரு வரி எழுதி, இந்த முறையும் நான் தப்பித்திருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நீ மதுராந்தகத்தில் இருப்பாய். ஒரு பெருநாளுக்கு உன்னைப் பார்க்க வருகிற உன் அம்மாவை உன் மாமியாரே உட்கார வைத்து ஆசையாய் எதையாவது தலையில் பூசிவிடுவார்கள். அவளும் தலையைக் காட்டுவாள், தன் எதிரி இறால்தான் என்று நம்பிக்கொண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோவளத்துக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

இது ஞாயிறு சாயங்காலம். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்போரூர் வழியாகப் போய், முகத்துவாரத்து இறால் ஒரு கிலோ வாங்கி வந்தேன். உன் அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா இது, எறாவா? யாரு துன்றதுக்கு?" என்றாள். உனக்கு என்றேன். "எனக்கு ஆவாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றாள். "ஆவும். எப்பவும் ஆச்சு" என்று ஆரம்பித்து, டீச்சரம்மாவிலிருந்து டாக்டர் வரைக்கும் நின்ற இடத்தில் நின்றபடியே சொல்லி முடித்தேன். இனி கறுப்புச் சாயம் எதையும் அவள் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. உட்கார்ந்து இறாலை உரிக்க ஆரம்பித்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்து, ஒவ்வொன்றாக. பாதிக் கிலோ உரித்த பிறகு தலை நிமிராமல் கேட்டாள், "டாக்டரு என்னத்தானே கேட்டாரு. நீ ஏன் பதில் சொன்ன?" இத்தனை வருஷத்தில் என்னை அவள் நீ என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மன்னித்துவிடு என்றேன். அவள் போனை எடுத்துக் கோவளத்துக்குப் போட்டு, உன் சித்தியிடம், "இனிமே எனக்குக் கத்திரிக்கா கொழம்பு வெக்காதடி, ஏன்னு நேர்ல சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

உனக்கு அவள் சொல்லச் சொன்னது இது. ஆர்டர் எதுவும் போட வேண்டாமாம். வரும் சனிக்கிழமை நீ வர வேண்டுமாம். மருதாணியும் அவுரியும் அவளே உன் கையில் தடவி, ஞாயிறு, திங்கள் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டால் அவளே தலையில் வைத்துவிடுவாளாம். செம்பு நிறத்தில் விட்டுவிட்டாலும் உனக்கு அழகாகத்தான் இருக்குமாம். மாமியார் கேட்டால், "எங்கத்தா குடுத்த நர, எங்கம்மா வெச்ச மருதாணி" என்று சொல்லச் சொன்னாள். நீ என்மேல் கோபப்படுவாய், படு. ஆனால் உன் மாப்பிள்ளையிடம் முதல் வருஷத்திலேயே எதையாவது தப்பாகச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஆறப் போட்டால் சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டையிலேயே கல்லாகிவிடும்.

மத்தியானம் இலை போட்டாள். அவள் இலையில் இறால் தொக்கு, குவியலாக. அத்தனையும் சாப்பிட்டாள். சோறு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். கிள்ளி வைத்த இறால் தலைகளையெல்லாம் தனியாக வறுத்து அதையும் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவே இல்லை. என் இலையில் ரசம் ஊற்றியிருந்தாள், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். நான் கேட்டுப் பார்த்தேன், "எனக்கு இது இன்னும் எத்தன நாளைக்கு?"

"பதினாலு வருஷம்" என்றாள்.